‘வெக்கை’ எப்படி ‘அசுரன்’ ஆனது?

கேள்வி இதுதான்: “பூமணியின் ‘வெக்கை’யைப் படித்துவிட்டு ‘அசுரன்’ பார்த்தேன். கதை ஒன்றுதான். ஆனால் இரண்டு வேறு ஆட்கள் இரண்டு வேறு காரணங்களுக்காகச் சொன்ன மாதிரி இருக்கிறது. ஒரு இயக்குநரின் பாணி நாவலை இவ்வளவு தூரம் மாற்றிவிடுமா? இல்லை, இதெல்லாம் வியாபாரத்துக்காகச் செய்ததா?”

இரண்டும் உண்டு. வியாபாரத்தைப் பிறகு பார்க்கலாம், முதலில் பாணி. பாணி என்றதும் நமக்குக் கேமரா கோணம், வெளிச்சம், பின்னணி இசை, நீளமான ஷாட் இவைதான் நினைவுக்கு வருகின்றன. புத்தகத்தைப் படமாக்கும்போது இவையெல்லாம் கடைசியில் வருபவை. ஒரு இயக்குநர் நாவலைப் படித்துக்கொண்டிருக்கும்போதே அவருடைய பாணி வேலையைத் தொடங்கிவிடும். எந்தப் பக்கத்தில் நிற்கிறார், எதைப் புரட்டிக்கொண்டு போகிறார், மூடி வைத்ததும் அவர் மனதில் எழும் கேள்வி என்ன, இதிலேயே பாதிப் படம் முடிவாகிவிடுகிறது. ‘அசுரன்’ எடுத்த வெற்றிமாறன் எந்தக் கதையை எடுத்தாலும் அவருக்கு எழும் கேள்வி, ‘இந்த வன்முறை எங்கிருந்து வந்தது?’ என்பது. பூமணிக்கு அந்தக் கேள்வியே இல்லை. அவருடைய அக்கறை, ‘இது நடந்துவிட்டது, இனி இந்தப் பையன் இன்றிரவு எங்கே படுப்பான், என்ன சாப்பிடுவான்?’ என்பதில் இருக்கிறது. நீங்கள் சொல்லும் வித்தியாசம் இங்கிருந்துதான் கிளம்புகிறது.

‘வெக்கை’ 1982இல் வந்த நாவல். கொலையிலேயே தொடங்குகிறது. பதினைந்து வயதுச் சிதம்பரம், தன் அண்ணனைக் கொன்ற வடக்கூரானை வெட்டிவிட்டு இருட்டில் ஓடுகிறான். கையை மட்டும் எடுத்துவிட வேண்டும் என்றுதான் போயிருந்தான், ஆளே போய்விட்டார். அதற்குப் பிறகு அவனும் அய்யாவும் கரிசல் காட்டிலும் மலையடிவாரத்திலும் ஒளிந்து திரிகிற நாட்கள்தான் நாவல். சமைக்கிறார்கள், தண்ணீர் தேடுகிறார்கள், இரவில் ஆத்தாவைப் பார்க்க ஏங்குகிறார்கள், பழைய கதை பேசுகிறார்கள். கடைசியில் கோர்ட்டில் ஆஜராகக் கிளம்புகிறார்கள். அவ்வளவுதான். துரத்தல் கதை என்று சொல்லலாம், ஆனால் துரத்துபவர்கள் நாவலில் அதிகம் கண்ணில் படுவதில்லை. நாம் பார்ப்பது ஒரு பையனையும் அவனுக்குக் காட்டைப் படிக்கச் சொல்லித்தரும் தகப்பனையும்.

சாதியின் பெயர் நாவலில் எங்குமே இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். யார் ஒடுக்கப்பட்டவர், யார் நிலத்தைச் சுருட்டுபவர் என்று நமக்குப் புரிகிறது. ஆனால் பூமணி அதை உச்சரிக்க மாட்டார். அவர் பாத்திரங்களுக்கு அது தெரிந்த விஷயம். தெரிந்ததை யாரும் வீட்டுக்குள் ஒருவருக்கொருவர் விளக்கிச் சொல்லிக்கொண்டிருக்க மாட்டார்கள். எழுத்தில் இது பெரிய பலம். ஏனென்றால் வாசகன் அந்தக் குடும்பத்துக்குள்ளேயே உட்கார்ந்துவிடுகிறான்.

சரி, 2019 அக்டோபரில் ‘அசுரன்’ வந்தபோது என்ன ஆனது? முதல் மாற்றம் வரிசையில். படமும் ஓடிக்கொண்டிருக்கும் தகப்பனையும் மகனையும் காட்டித்தான் தொடங்குகிறது. ஆனால் சீக்கிரமே பின்னால் போய், மூத்தவன் முருகனின் கதையை முழுக்கச் சொல்கிறது: தண்ணீர்த் தகராறு, செருப்படி, அவனைப் போலீசிடமிருந்து மீட்கத் தகப்பன் சிவசாமி ஊரில் ஒவ்வொருவர் காலிலும் விழுவது, பிறகு முருகனின் தலையில்லாத உடல். நாவலில் அண்ணனின் சாவு சிதம்பரத்தின் நினைவில் துண்டு துண்டாக வந்து போகும். படத்தில் அது நம் கண்முன்னே, காரண காரியத்தோடு நடக்கிறது. அதனால் சிதம்பரம் அரிவாளை எடுக்கும்போது பார்வையாளன் அதை விரும்பவே தொடங்கியிருப்பான். நாவலின் முதல் பக்கத்தில் அந்த விருப்பத்துக்கு நேரமே கிடையாது. செய்த காரியத்தின் பயம்தான் முதலில் நம்மைத் தொற்றுகிறது.

இரண்டாவது மாற்றம் இதைவிடப் பெரியது. நாவல் பையனுடையது. படம் தகப்பனுடையது. சிவசாமியாக தனுஷ் நடிக்கிறார் என்று முடிவான நொடியிலேயே இது தீர்மானமாகியிருக்க வேண்டும். இங்கே உங்கள் வியாபாரக் கேள்வி வருகிறது. முப்பதுகளில் இருக்கும் ஒரு நட்சத்திரம், வளர்ந்த பிள்ளைகளின் தகப்பனாக நரைத்த தாடியோடு வந்தால், அவரை இளைஞனாகவும் காட்ட ஒரு பகுதி தேவைப்படும். இது என் ஊகம்தான், ஆனால் தமிழ் சினிமாவின் கணக்குத் தெரிந்த யாரும் இதை மறுக்க மாட்டார்கள். ஆக, ஃபிளாஷ்பேக்குக்கு இடம் உண்டாகிவிட்டது. இனி அந்த இடத்தில் எதை வைப்பது என்பதில்தான் இயக்குநரைப் பார்க்கிறோம். இன்னொருவராக இருந்தால் ஒரு காதலையும் இரண்டு சண்டையையும் வைத்து முடித்திருப்பார். வெற்றிமாறனும் காதலை வைத்தார், சண்டையையும் வைத்தார். ஆனால் அவற்றுக்கு அடியில் பஞ்சமி நிலத்தைக் கொண்டுவந்தார்.

1892இல் ஆங்கிலேய அரசு ஒடுக்கப்பட்ட மக்களுக்கென்று ஒதுக்கிய நிலங்கள் எப்படிக் கைமாறின என்பது தமிழ்நாட்டில் இன்றும் முடியாத வழக்கு. படத்தில் இளம் சிவசாமி பண்ணையாருக்குச் சாராயம் காய்ச்சுபவன், விசுவாசமானவன். நில மீட்புப் போராட்டத்தில் அவன் அண்ணன் இருக்கிறான், இவன் விலகி நிற்கிறான். அவன் காதலிக்கும் மாரியம்மாள் செருப்புப் போட்டு நடந்ததற்காக அவமானப்படுத்தப்படுகிறாள். கடைசியில் குடிசைகள் ஆட்களோடு எரிகின்றன. 1968 டிசம்பர் 25 அன்று கீழவெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டதை நினைக்காமல் அந்தக் காட்சியைத் தமிழன் யாரும் பார்க்க முடியாது. நாவலிலும் அய்யாவின் பழைய காலம் பேச்சோடு பேச்சாக வருகிறது, ஆனால் இந்தத் தீ அங்கே இல்லை. ஒரு குடும்பத்தின் பகையை வெற்றிமாறன் ஒரு வரலாற்றின் பகையாக மாற்றிவிட்டார். பூமணி பெயர் சொல்லாமல் விட்டதை இவர் பெயர் சொல்லிக் காட்டினார்.

இதில் யார் சரி என்று கேட்டால் எனக்கு ஒரு பக்கம் சாய்வு உண்டு. நில அரசியலைச் சேர்த்தது நியாயமான விரிவு என்றே நினைக்கிறேன். திரையில் ஒரு நிலத்தைக் காட்டினால், அது யாருடையது என்று சொல்லாமல் தப்பிக்க முடியாது. ஆனால் இடைவேளைச் சண்டை எனக்கு உறுத்துகிறது. கோழை என்று மகனே நினைத்த மனிதன் திடீரென்று ஈட்டி எடுத்துப் பத்துப் பேரைச் சாய்க்கிறான், மகன் வாய் பிளக்கிறான். அடங்கிக் கிடக்கும் ஆள், உள்ளே ஒளிந்திருக்கும் பழைய ஆள் என்பது ‘பாட்ஷா’விலிருந்து நமக்குப் பழகிய கட்டுமானம். தியேட்டரில் விசில் பறந்தது, நானும் ரசித்தேன். ஆனால் ‘வெக்கை’யின் அய்யாவிடம் இருக்கும் கம்பீரம் வேறு ஜாதி. அவர் சண்டை போட்டு மகனின் மதிப்பைச் சம்பாதிப்பதில்லை. எந்த இடத்தில் அடுப்பு மூட்டினால் புகை வெளியே தெரியாது என்ற மாதிரியான அறிவில் சம்பாதிக்கிறார். அந்த நிதானமான நேரம், இரண்டு பேர் சேர்ந்து சோறு பொங்கும் நேரம், படத்தில் கொஞ்சம்தான் மிஞ்சியது. சிதம்பரத்தின் மனசுக்குள் நடப்பதும் போயிற்று. படத்தில் அவன் கோபக்காரப் பையன், நாவலில் அவன் யோசிக்கிற பையன்.

‘அசுரனை’ மட்டும் வைத்து இதைப் பாணி என்று சொல்லிவிட முடியாது. ஒரே ஒரு தடவை செய்தால் அது அந்தக் கதைக்காகச் செய்த ஏற்பாடு. ஆனால் ‘விசாரணை’யை எடுத்துக்கொள்ளுங்கள். மு. சந்திரகுமாரின் ‘லாக்கப்’, ஆந்திராவில் குண்டூரில் செய்யாத திருட்டை ஒப்புக்கொள்ளச் சொல்லி அடிக்கப்பட்ட தன் அனுபவத்தை அவரே எழுதிய புத்தகம். படத்தின் முதல் பாதி அதிலிருந்து வருகிறது. இரண்டாம் பாதி, அதாவது தமிழ்நாட்டுக் காவல் நிலையம், ஆடிட்டர் கே.கே., அரசியல் பணம், இவையெல்லாம் வெற்றிமாறன் சேர்த்தவை. புத்தகத்தில் அடிபட்டவர் உயிரோடு வெளியே வந்து எழுதுகிறார். படத்தில் அடிபட்டவர்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை. முதல் பாதியில் அடிக்கும் கையைக் காட்டுகிறார், இரண்டாம் பாதியில் அந்தக் கையை ஆட்டுகிறவர்களைக் காட்டுகிறார், கடைசியில் கையே மாட்டிக்கொள்வதையும் காட்டுகிறார். ‘விடுதலை’யில் இது இன்னும் தூரம் போனது. ஜெயமோகனின் ‘துணைவன்’ ஒரு சிறுகதை. அதிலிருந்து 2023லும் 2024லும் இரண்டு பாகம் படம் வந்தது. மூன்று தடவையும் கிடைத்த கதையை ஒரு விளைவாக எடுத்துக்கொண்டு, அதன் காரணத்தைத் தானே எழுதிச் சேர்த்திருக்கிறார். அவருடைய கையெழுத்து ஷாட்டில் இருப்பதைவிட இந்தச் சேர்க்கையில்தான் இருக்கிறது. இந்தப் பழக்கம் அவருக்குச் சில இடங்களில் பாரமாகவும் ஆகிறது. ‘விடுதலை’ இரண்டாம் பாகத்தில் பாத்திரங்கள் விளக்கிக்கொண்டே இருக்கின்றன.

வெற்றிமாறன் பாலு மகேந்திராவிடம் உதவியாளராக இருந்தவர். தமிழ்ச் சிறுகதைகளைச் சின்னத்திரைக்குக் கொண்டுவந்த ‘கதை நேரம்’ தொடரில் வேலை செய்தவர். கதை படிக்காத உதவியாளருக்கு பாலு மகேந்திராவிடம் இடமில்லை என்பது சினிமா வட்டாரத்தில் எல்லோரும் சொல்வது. அதே பாலு மகேந்திரா, 1978இல் ஒரு நாவலிலிருந்து வந்த படத்துக்கு ஒளிப்பதிவாளர்: ‘முள்ளும் மலரும்’. அங்கே நடந்தது இதற்கு நேர் எதிரானது.

உமாசந்திரனின் ‘முள்ளும் மலரும்’ கல்கி பத்திரிகையின் போட்டியில் பரிசு வாங்கிய நாவல். அதில் நாயகன் காளியின் கையைப் புலி பறிக்கிறது. படத்தை இயக்கிய மகேந்திரன் புலியைத் தூக்கிவிட்டு ஒரு லாரியை வைத்தார். சின்ன மாற்றம் மாதிரித் தெரிகிறது, ஆனால் யோசித்துப் பாருங்கள். புலி வந்தால் காளி வீரன் ஆகிவிடுவான். காட்டு மிருகத்தோடு மோதிக் கையை இழந்தவனுக்கு ஊர் மரியாதை கிடைக்கும், அவனுக்கே தன்மேல் ஒரு பெருமை இருக்கும். வேலையிலிருந்து தற்காலிகமாக நீக்கப்பட்ட ஆத்திரத்தில் குடித்துவிட்டு ரோட்டில் விழுந்து கிடந்தவன்மேல் லாரி ஏறினால்? அதில் சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை. மிஞ்சுவது வெறும் இழப்பும் வீம்பும்தான். மகேந்திரனுக்கு அந்த வீம்புதான் வேண்டும். நாவலிலிருந்து அவர் எடுத்தது காளி என்ற மனிதனின் குணம், தங்கைமேல் அவனுக்கு இருந்த பாசம், அவ்வளவே. சம்பவங்கள் பெரும்பாலும் உதிர்ந்துவிட்டன.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. மகேந்திரன் அதற்கு முன்னால் வசனத்துக்குப் பெயர் வாங்கியவர். சிவாஜி நடித்த ‘தங்கப்பதக்கம்’ அவர் எழுதியது. தயாரிப்பாளர் வேணு செட்டியார் அந்த மாதிரி அனல் வசனத்தை எதிர்பார்த்துப் பணம் போட்டார். வந்ததோ, பேச்சே குறைவான படம். அதைப் பார்த்து அவர் நொந்துபோன கதை பலருக்கும் தெரியும். ‘செந்தாழம் பூவில்’ பாட்டுக்கான படப்பிடிப்பை முடிக்கப் பணம் இல்லாமல் கமல்ஹாசன் கைகொடுத்தார். அவ்வளவு மெனக்கெட்டு மகேந்திரன் காப்பாற்றியது மௌனத்தை. கடைசிக் காட்சியில் காளி தங்கையைத் தன் மேலதிகாரியான இன்ஜினியருக்குக் கொடுக்கிறான், ஆனால் இன்னமும் உங்களை எனக்குப் பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டுத்தான் கொடுக்கிறான். வழக்கமான படத்தில் அந்த இடத்தில் மனமாற்றம் வந்து, கட்டிப்பிடித்து அழுதிருப்பார்கள்.

அடுத்த ஆண்டு வந்த ‘உதிரிப்பூக்கள்’ இன்னும் துணிச்சலான விஷயம். டைட்டிலில் புதுமைப்பித்தனின் ‘சிற்றன்னை’க்குக் கடன் சொல்லியிருப்பார். சித்தியாக வந்த இளம்பெண்ணும் முதல் தாரத்துப் பிள்ளைகளும்தான் அந்தக் குறுநாவலின் மையம். படத்தில் முதல் மனைவி லட்சுமி உயிரோடு இருக்கிறாள், படத்தின் பெரும்பகுதி அவள் அனுபவிக்கும் வீடுதான். சித்தி வருவதே பின்னால்தான். புதுமைப்பித்தன் ரசிகர் ஒருவர் கதையைத் தேடிக்கொண்டு உள்ளே போனால் ஏமாந்துதான் வருவார். ஆனால் பெரியவர்களின் கொடுமைக்கு நடுவில் இரண்டு குழந்தைகள் மாட்டிக்கொண்டு நிற்பது என்ற அந்த ஒன்றை மகேந்திரன் விடவே இல்லை. படம் முழுக்க அதைச் சுற்றித்தான் போகிறது, முடிவதும் அந்தக் குழந்தைகளிடம்தான்.

ஆக, ஒருவர் சேர்க்கிறார், ஒருவர் உதிர்க்கிறார். இருவரும் மூலத்துக்கு விசுவாசமாக இல்லை என்று யாராவது சொன்னால் என்னிடம் மறுப்பு இல்லை. ஆனால் பாணி புத்தகத்தை அடித்தே போட்டுவிடும் சந்தர்ப்பமும் உண்டு, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

பி.எச். டேனியலின் ‘ரெட் டீ’ தேயிலைத் தோட்டங்களின் கதை. தமிழில் ‘எரியும் பனிக்காடு’ என்று இரா. முருகவேள் மொழிபெயர்த்தார். டேனியல் தோட்டத் தொழிலாளர்கள் நடுவே வேலை பார்த்த மருத்துவர், தொழிற்சங்கம் கட்டியவர். அதனால் புத்தகத்தில் துயரத்தோடு அதன் இயந்திரமும் சேர்ந்தே வருகிறது: கங்காணி எப்படி ஆள் பிடிக்கிறான், முன்பணம் எப்படிக் கடனாகிறது, நோய் எப்படிப் பரவுகிறது. அதில் வரும் டாக்டர் ஆபிரகாம் நிலைமையை மாற்றப் போராடும் நல்ல மருத்துவர். பாலா இதை 2013இல் ‘பரதேசி’ ஆக்கினார். பாலாவின் கண் எப்போதும் வதைபடும் உடம்பின்மேல்தான் இருக்கும். அந்தக் கண் சில காட்சிகளில் அபாரமாக வேலை செய்கிறது. பஞ்சத்தில் ஊரே கிளம்பி நடக்கும் நடையை மறக்க முடியாது. ஆனால் அந்த டாக்டரை மதம் மாற்ற வந்து ஆட்டம் பாட்டம் போடுகிற கோமாளியாக ஆக்கிவிட்டார். கிட்டத்தட்டப் புத்தகத்தை எழுதியவரையே கேலி செய்த மாதிரி ஆகிவிட்டது அது. பாலாவின் உலகத்தில் வெளியிலிருந்து வரும் உதவிக்கு இடமில்லை, மீட்பு என்பதே அங்கே பொய். அவருடைய மற்றப் படங்களில் அந்த இருட்டு அவருடையதே, அதனால் பொருந்தியது. இங்கே மூலநூல் வெளிச்சத்தின் பக்கம் நின்றது. இரண்டும் மோதியதில் தோற்றது நூல். தன் பாணிக்கு ஒவ்வாத ஒன்றைப் புத்தகத்தில் பார்க்கும்போது, இயக்குநர் அதை விட்டுவிடலாம். திரித்து வைப்பது வேறு.

‘பொன்னியின் செல்வன்’ பற்றி அதிகம் பேசப்போவதில்லை, ஏற்கனவே ஊரெல்லாம் பேசியாயிற்று. ஒன்றை மட்டும் கவனியுங்கள். கல்கி ஆடிப்பெருக்கன்று வீரநாராயண ஏரிக்கரையில் வந்தியத்தேவனைக் குதிரையில் நிறுத்தித் தொடங்குகிறார். வாசகரைப் பெயர் சொல்லாத குறையாகக் கூப்பிட்டு, கூட நடத்திக்கொண்டு போகிற கதைசொல்லி அவர். மணிரத்னம் ஆதித்த கரிகாலனின் போர்க்களத்தில் தொடங்குகிறார். ஏனென்றால் அவருக்குக் கதை என்பது கரிகாலனும் நந்தினியும்தான். மணிமேகலை இல்லாமல் போனதும், சேந்தன் அமுதனின் ரகசியம் காணாமல் போனதும் நீளத்துக்காக மட்டும் நடந்தவை அல்ல. கல்கியின் நகைச்சுவையான குரல் போன இடத்தில் இரண்டு முகங்களின் நெருக்கமான ஷாட்டுகள் வந்து உட்கார்ந்தன. அந்த இரண்டு பேர் சந்திக்கும் காட்சிகள்தான் படத்தின் உச்சம் என்பது என் கட்சி.

எப்போதும் இயக்குநர்தான் ஜெயிப்பார் என்றும் இல்லை. ‘பாசமலர்’, ‘பாவமன்னிப்பு’ எடுத்த பீம்சிங், கண்ணீரைக் கணக்குப் பார்க்காமல் செலவழித்தவர், 1977இல் ஜெயகாந்தனின் ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ எடுத்தார். திரைக்கதையும் வசனமும் ஜெயகாந்தனே. அந்தப் படத்தில் பழைய பீம்சிங்கைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. கங்கா வாதம் செய்கிறாள், யோசிக்கிறாள், சிகரெட் புகையும் ஆங்கிலமும் கலந்த அறைகளில் மனிதர்கள் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். எழுத்தாளரின் குரல் இயக்குநரின் கையைப் பிடித்துக்கொண்டது. கங்காவாக நடித்த லட்சுமிக்குத் தேசிய விருது கிடைத்தது, படமும் நன்றாகவே நிற்கிறது. ஆனால் அது பீம்சிங் படம் என்று யாரும் சொல்வதில்லை, ஜெயகாந்தன் படம் என்றுதான் சொல்கிறார்கள்.

மறுபடி ‘அசுரனுக்கு’ வருகிறேன். வியாபாரம் எது, பாணி எது என்று பிரித்துச் சொல்லச் சொன்னால் இப்படிப் பிரிப்பேன்: நட்சத்திரத் தகப்பன், இடைவேளைச் சண்டை, பாட்டு, வில்லனின் அளவு இவை சந்தைக்கு. பஞ்சமி நிலம், செருப்பு, எரியும் குடிசை, கடைசியில் மகனைப் படிக்கச் சொல்லிவிட்டுத் தகப்பன் பழியைத் தன்மேல் ஏற்றுக்கொண்டு போவது இவை வெற்றிமாறனுக்கு. அந்த முடிவும்கூட நாவலில் இருப்பதல்ல. அங்கே தகப்பனும் மகனும் சேர்ந்தே கோர்ட்டுக்கு நடக்கிறார்கள். பூமணிக்கு அந்தப் பையன் என்ன ஆவான் என்று சொல்ல வேண்டிய கட்டாயமில்லை. வெற்றிமாறனுக்கு இருந்தது.

நீங்கள் இரண்டையும் சரியான வரிசையில்தான் எடுத்திருக்கிறீர்கள், நாவல் முதலில். முடிந்தால் இப்போது ‘வெக்கை’யை இன்னொரு முறை படியுங்கள். அய்யா பேசுகிற இடங்களை தனுஷின் முகம் குறுக்கே வராமல் உங்களால் படிக்க முடிகிறதா என்று பாருங்கள். என்னால் முடியவில்லை.